ஒரே எஃகு, இரண்டு படிகமணி அளவுகள்: நிலைமாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்த செய்முறைப் பதிவு

எஃகைச் சூடாக்கிக் குளிரவைக்கும் வேலையில் ஈடுபடுவோரின் பேச்சு பெரும்பாலும் குளிரும் வேகத்தைச் சுற்றியே அமைகிறது. தண்ணீரில் தோய்ப்பதா, எண்ணெயில் தோய்ப்பதா, காற்றில் விடுவதா, உலையிலேயே ஆறவிடுவதா என்று நெடுநேரம் விவாதிப்பவர்கள்கூட, அதற்கு முன்பு அந்த எஃகு எவ்வளவு உயர்ந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த உயர் வெப்பநிலையில்தான், எஃகு அப்போது எடுக்கும் படிக நிலையான ஆஸ்டெனைட்டின் படிகமணிகள் எவ்வளவு பெரியவை என்பது முடிவாகிறது. அந்த அளவைப் பொறுத்தே ஒரு கன மில்லிமீட்டர் உலோகத்துக்குள் எத்தனை சதுர மில்லிமீட்டர் மணி எல்லை அடங்கியிருக்கும் என்பது அமைகிறது. குளிரும்போது புதிய நிலையின் முதல் கருக்கள் தோன்றுவதும் அந்த எல்லைகளில்தான். ஒரே கம்பியிலிருந்து வெட்டிய துண்டுகளில் மணி அளவை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டால், நிலைமாற்றத்தின் இடமும் வேகமும் வடிவமும் எவ்வளவு மாறுகின்றன என்பதை நுண்நோக்கியின் கீழ் நேராகப் பார்க்கவேண்டும் என்பதே இந்தச் செய்முறையின் நோக்கம்.

இதற்காக 0.45% கார்பனும் சிறிதளவு மாங்கனீசும் கொண்ட சாதாரணக் கார்பன் எஃகைத் தேர்ந்துகொண்டேன். 0.8% அளவுக்குக் கார்பன் இருந்தால் மெதுவாகக் குளிரும்போது ஏறக்குறைய முழுவதும் பெர்லைட்டாகிவிடும், 0.1% மட்டுமே இருந்தால் ஃபெரைட்டே நிறைந்துவிடும். ஃபெரைட் என்பது கார்பன் மிகக் குறைந்த இரும்பு நிலை; பெர்லைட் என்பது ஃபெரைட்டும் சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடும் மாறிமாறி அடுக்கிய அமைப்பு. தண்ணீரில் தோய்த்து இடையிலேயே உறையவைப்பதும் கடினம். 0.45% எஃகில் முதலில் ஃபெரைட்டும் பிறகு பெர்லைட்டும் தோன்றுகின்றன. மாற்றத்தை நடுவில் தண்ணீரில் தோய்த்து நிறுத்தினால் மீதமுள்ள ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட் என்னும் கடினமான நிலையாக மாறிவிடுகிறது. ஆகவே அமிலத்தால் அரித்த பரப்பில் ஃபெரைட் வெண்மையாகவும், பெர்லைட் கருமையாகவும், மார்ட்டென்சைட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்திலும் தெரியும். எந்த நொடியில் எது எங்கே இருந்தது என்பதைப் படிப்பதற்கு இதைவிட எளிய எஃகு கிடைப்பது அரிது.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியிலிருந்து 3 மில்லிமீட்டர் தடிமனில் வட்டுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் கால் துண்டுகளாக்கிக்கொண்டேன். வெட்டும்போது நீர் தாராளமாகப் பாயவேண்டும். வெட்டுச் சூட்டில் பரப்பின் அமைப்பு மாறிவிட்டால் பிறகு பார்ப்பது எதுவும் நம்பத்தக்கதாக இருக்காது. தடிமனை 3 மில்லிமீட்டராக வைத்ததற்குக் காரணம், இந்த எஃகு ஆழமாகக் கடினமாகும் இயல்பற்றது என்பதே. துண்டு தடித்திருந்தால், தண்ணீரில் போட்ட பிறகும் உட்பகுதியில் மாற்றம் தொடர்ந்து நடந்து, நிறுத்திய கணத்தின் படம் கலங்கிவிடும்.

மணி அளவை இரண்டாகப் பிரித்தது உலையில். ஒரு தொகுதித் துண்டுகளை 850 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தேன். மற்றொரு தொகுதியை 1150 டிகிரியில் 60 நிமிடம் வைத்து, அதே உலையில் 850 டிகிரிக்கு இறக்கி, அங்கே 20 நிமிடம் நிலைப்படுத்தினேன். இந்த இறக்கம் மிக முக்கியமானது. 1150 டிகிரியிலிருந்து நேரே அடுத்த கட்டமான 700 டிகிரி உருகிய உப்புக்கு மாற்றினால் இரு தொகுதிகளும் வெவ்வேறு வெப்பநிலையிலிருந்து குளிரத் தொடங்கும். அப்போது வேறுபாட்டுக்குக் காரணம் மணி அளவா, தொடக்க வெப்பநிலையா என்று சொல்ல முடியாது. பெரிதாக வளர்ந்த ஆஸ்டெனைட் மணிகள், ஆஸ்டெனைட்டாக இருக்கும் வரையில், வெப்பநிலையைக் குறைத்தாலும் திரும்பச் சிறிதாவதில்லை. ஆகவே 850 டிகிரியில் இரு தொகுதிகளும் ஒரே வெப்பநிலையில், ஒரே வேதியியல் அமைப்பில், மணி அளவில் மட்டும் வேறுபட்டு நிற்கின்றன.

1150 டிகிரியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அலுமினியம் சேர்த்து ஆக்சிஜன் நீக்கப்பட்ட எஃகுகளில் மிக நுண்ணிய அலுமினியம் நைட்ரைடு துகள்கள் மணி எல்லைகளைப் பிடித்து நிறுத்தி, மணிகள் வளராமல் தடுக்கின்றன. ஏறக்குறைய 1000 முதல் 1050 டிகிரிக்கு மேல் இத்துகள்கள் பருத்தும் கரைந்தும் போவதால் பிடி தளர்ந்து, சில மணிகள் திடீரெனப் பெரிதாகின்றன. அந்த இடைப்பட்ட நிலையில் நிறுத்தினால் சிறியதும் பெரியதும் கலந்த அமைப்பு கிடைக்கும். அதைத் தெளிவாகக் கடந்துபோனால்தான் துண்டு முழுவதும் பெரிய மணிகளாக அமையும்.

இவ்வளவு நேரம் காற்றில் சூடாக்கினால் பரப்பிலுள்ள கார்பன் எரிந்துபோகும். கார்பன் இழந்த பரப்பில் ஃபெரைட் தானாகவே மிகுந்து காணப்படும். அதை மணி எல்லையின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் நைக்ரோம் கம்பியில் கட்டி, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் செய்த பையில் வைத்து, பையின் வாயைக் கம்பியைச் சுற்றி இறுக மடித்தேன். எடுக்கும்போது இடுக்கியால் பையைப் பிடித்துக் கம்பியை இழுத்தால் துண்டு மட்டும் வெளியே வந்துவிடும். இதற்கு மேலும் பாதுகாப்பாக, துண்டுகளைக் குறுக்கே வெட்டி நடுப்பகுதியை மட்டுமே பார்த்தேன். வெளி ஓரத்திலிருந்து அரை மில்லிமீட்டர் வரையுள்ள எதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது உலையில், எஃகுக் குவளை ஒன்றில் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் சம மோல் அளவில், அதாவது எடையில் 44-க்கு 56 என்ற விகிதத்தில், உருகி நின்றன. இக்கலவை ஏறக்குறைய 657 டிகிரியில் உருகுவதால் 700 டிகிரியில் நன்றாகத் திரவமாக இருக்கும். இந்த எஃகில் ஃபெரைட் தோன்றத் தொடங்கும் சமநிலை வெப்பநிலை ஏறக்குறைய 780 டிகிரி. பெர்லைட்டுக்குரியது 727 டிகிரி. ஆகவே 700 டிகிரியில் ஃபெரைட்டுக்குப் போதிய உந்துவிசையும் (மாற்றத்தைத் தூண்டும் ஆற்றல் வேறுபாடு) பெர்லைட்டுக்குச் சிறிதளவு உந்துவிசையும் இருக்கின்றன. மாற்றம் கண்ணால் பின்தொடரும் அளவுக்கு மெதுவாக நடக்கிறது. உருகிய உப்பில் ஈரம் ஒரு துளி புகுந்தாலும் நீராவியாக வெடித்துத் தெறிக்கும். உப்பையும் இடுக்கியையும் முன்கூட்டியே நன்கு காயவைத்து, முகக்கவசமும் தோல் உறையும் அணிந்து, தோய்க்கும் தண்ணீர்த் தொட்டியை உப்புக் குவளையிலிருந்து தள்ளி வைத்துத்தான் வேலை செய்யவேண்டும். நைட்ரேட் உப்புகளை இந்த வெப்பநிலைக்கு ஒருபோதும் கொண்டுவரக் கூடாது.

850 டிகிரியிலிருந்து உப்புக்கு மாற்றி, 15 நொடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று வைத்திருந்து, உடனே உப்பு நீரில் தோய்த்தேன். பிறகு வெந்நீரில் கழுவுதல் அவசியம். குளோரைடு எச்சம் இருந்தால் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். 240 முதல் 1200 வரையான எமரித் தாள்களில், தாள் மாறும்போதெல்லாம் துண்டை 90 டிகிரி திருப்பித் தேய்த்து, 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்றி, 2% நைட்டலில் சில நொடிகள் அரித்தேன். நைட்டல் தயாரிக்கும்போது எத்தனாலில் நைட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். மூடிய புட்டியில் நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது. ஆஸ்டெனைட்டின் பழைய மணி எல்லைகளைக் காட்டுவதற்குப் பிக்ரிக் அமிலக் கரைசலே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கக்கூடியது. இச்செய்முறையில் எல்லைகளை ஃபெரைட்டே வரைந்து காட்டிவிடுவதால் அந்த ஆபத்தை ஏற்கவேண்டிய தேவை எழவில்லை.

15 நொடித் துண்டுகளிலேயே வேறுபாடு தொடங்கிவிட்டது. 850 டிகிரித் தொகுதியில் சாம்பல் நிற மார்ட்டென்சைட் பின்னணியில் எண்ணற்ற வெண்புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் பல, மூன்று மணிகள் சந்திக்கும் இடங்களில் இருந்தன. 1150 டிகிரித் தொகுதியில் பார்வைப் புலத்தின் பெரும்பகுதி ஃபெரைட்டே இல்லாத மார்ட்டென்சைட்டாக இருந்தது. ஓரிரு இடங்களில் மட்டும் நீண்ட மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் ஒரு கோட்டின் மீது வரிசையாக நின்றன. மணிகளின் உட்புறத்தில் ஃபெரைட்டைத் தேடித் தேடிப் பார்த்தும், கண்டவை மிகச் சில; அவையும் பெரும்பாலும் உலோகத்திலுள்ள அயல் துகள்களை ஒட்டியே இருந்தன.

1 நிமிடத்தில் சிறுமணித் தொகுதியின் எல்லைகள் யாவும் வெண்மையால் நிரம்பி, கருமையான பெர்லைட் முடிச்சுகள் அங்கங்கே தலைகாட்டின. பெருமணித் தொகுதியில் அதே நேரத்தில்தான் வலைப்பின்னல் முழுமை பெற்றது: ஒவ்வொரு பெரிய மணியையும் சுற்றி மெல்லிய, ஏறக்குறைய தொடர்ச்சியான வெள்ளை வேலி, அதற்குள்ளே மாறாமல் உறைந்துபோன மார்ட்டென்சைட். 5 நிமிடத்தில் சிறுமணித் துண்டில் மார்ட்டென்சைட் திட்டுகளாகச் சுருங்கிவிட்டது. பெருமணித் துண்டிலோ வெள்ளை வேலியிலிருந்து உள்நோக்கிப் பெர்லைட் முடிச்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. மணியின் நடுப்பகுதி இன்னும் தொடப்படாமலே இருந்தது. ஒரே கம்பி, ஒரே உப்பு, ஒரே கால அளவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்விரு படங்களையும் அருகருகே பார்ப்பது உண்மையிலேயே வியப்பூட்டுவது.

வெள்ளை வலைப்பின்னலையே பழைய ஆஸ்டெனைட் எல்லையாகக் கொண்டு அளந்தபோது, சிறுமணித் தொகுதியில் சராசரி வெட்டுநீளம் (ஒரு நேர்கோடு அடுத்தடுத்த இரு எல்லைகளுக்கிடையே கடக்கும் தூரம்) ஏறக்குறைய 20 மைக்ரானாகவும், பெருமணித் தொகுதியில் ஏறக்குறைய 160 மைக்ரானாகவும் வந்தது. ஏஎஸ்டிஎம் என்னும் அமெரிக்கத் தர அமைப்பின் மணி எண்ணில் சொன்னால் இவை 8, 2 ஆகியவற்றுக்கு அருகில் வருகின்றன. அதாவது 100 மடங்கு பெரிதாக்கிய படத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 128 மணிகளும் 2 மணிகளும் அடங்கும் வேறுபாடு. ஒரு கன அளவுக்குள் உள்ள எல்லைப் பரப்பு, வெட்டுநீளத்தால் 2-ஐ வகுத்தால் கிடைக்கும். ஆகவே சிறுமணி எஃகின் ஒரு கன மில்லிமீட்டரில் 100 சதுர மில்லிமீட்டர் எல்லையும், பெருமணி எஃகில் 12.5 சதுர மில்லிமீட்டர் எல்லையும் இருக்கின்றன. பரப்பு 8 மடங்கு வேறுபட்டால், மூன்று மணிகள் சந்திக்கும் விளிம்புகளின் மொத்த நீளம் 64 மடங்கும், நான்கு மணிகள் சந்திக்கும் மூலைகளின் எண்ணிக்கை 512 மடங்கும் வேறுபடும். நுண்நோக்கியில் மூன்று மணிகள் சந்திக்கும் புள்ளியாகத் தெரிவது, உண்மையில் அத்தகைய விளிம்பு ஒன்றை நாம் குறுக்கே வெட்டிய இடம். நான்கு மணி மூலைகள் வெட்டுமுகத்தில் அகப்படுவது மிக அரிது. 15 நொடித் துண்டில் வெண்புள்ளிகள் சந்திப்புகளை நாடியிருந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எல்லை ஏன் இவ்வளவு சாதகமானது என்பதற்கான விளக்கம் ஆற்றல் கணக்கில் இருக்கிறது. ஒரு புதிய கரு தோன்றும்போது அதன் கன அளவால் ஆற்றல் மிச்சமாகிறது. அதைச் சூழும் புதிய இடைமுகத்தை உருவாக்குவதற்கோ ஆற்றல் செலவாகிறது. கரு மிகச் சிறியதாக இருக்கும் வரை செலவே மிகும். இதுதான் கருத்தோற்றத்தின் தடை. மணி எல்லை என்பது அணுக்கள் ஒழுங்கு குலைந்து நிற்கும், ஏற்கெனவே ஆற்றல் மிகுந்த பரப்பு. கரு அதன் மீது அமர்ந்தால், மூடப்பட்ட எல்லைத் துண்டின் ஆற்றல் திரும்பக் கிடைத்து, செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. எல்லையின் ஆற்றலும் புதிய இடைமுகத்தின் ஆற்றலும் சமம் என்று கொண்டால், இருபுறமும் குவிந்த வில்லை வடிவக் கருவின் தொடுகோணம் 60 டிகிரியாக அமையும். மணியின் உட்புறத்தில் தோன்றும் கருவோடு ஒப்பிட, தடை ஏறக்குறைய 31 சதவீதமாகக் குறைந்துவிடும். தொடுகோணம் 30 டிகிரியானால் தடை 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கருத்தோற்ற வேகம் இத்தடையை அடுக்குக்குறியில் சார்ந்திருப்பதால், தடையில் சிறிது குறைந்தாலும் வேகம் பல மடங்கு பெருகும். விளிம்பிலும் மூலையிலும் ஒரே கரு மேலும் அதிகமான எல்லையை விழுங்குவதால் அங்கே தடை இன்னும் தாழ்கிறது. ஆனால் அத்தகைய இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே உந்துவிசை குறைவாக இருக்கும் உயர் வெப்பநிலையில் மூலைகளும் விளிம்புகளும் முந்திக்கொள்கின்றன. வெப்பநிலை தாழத் தாழ எல்லைப் பரப்பு முழுவதும், அதற்கும் கீழே மணியின் உட்புறமும் பங்கேற்கின்றன.

பெருமணித் துண்டின் வெள்ளை வேலி எனக்கு இன்னொன்றையும் விளக்கியது. எல்லைகள் கருக்களால் நிரம்பிய பிறகு, புதிதாகக் கரு தோன்ற இடம் எஞ்சுவதில்லை; அதன் பின் மாற்றத்தின் வேகத்தை வளர்ச்சி மட்டுமே தீர்மானிக்கிறது. உலோகவியலாளர் ஜான் கான் 1956-இல் இந்நிலையைக் கணித வடிவில் எழுதினார். ஃபெரைட்டில் கார்பன் அதிகபட்சம் 0.02% அளவுக்கே கரையும். வேலி ஒரு மைக்ரான் தடிக்கவேண்டுமானாலும் அவ்விடத்துக் கார்பனை முன்னேயுள்ள ஆஸ்டெனைட்டுக்குள் தள்ளவேண்டும். தள்ளப்பட்ட கார்பன் விலகிச் செல்லும் தூரம் கூடிக்கொண்டே போவதால், வேலியின் தடிமன் காலத்தின் இருமடி மூலத்துக்கு ஏற்பத்தான் வளர்கிறது. 10 மைக்ரான் உள்ளே செல்லவேண்டிய சிறுமணியும், 80 மைக்ரான் செல்லவேண்டிய பெருமணியும் ஒரே நேரத்தில் முடிவடைய வாய்ப்பே இல்லை. கருத்தோற்றத்தை எளிதாக்குவது மட்டுமே எல்லையின் பங்கு என்று நான் முன்பு படித்தவற்றிலிருந்து எண்ணியிருந்தேன். கார்பன் பயணிக்கவேண்டிய தூரத்தையும் அதுவே வரையறுக்கிறது என்பதை இந்த 5 நிமிடத் துண்டு கண்ணெதிரே காட்டியது.

உப்பில் நிறுத்தாமல், 850 டிகிரியிலிருந்து காற்றில் ஆறவிட்ட துண்டுகள் வடிவத்தைப் பற்றிப் பேசின. சிறுமணித் துண்டில் ஃபெரைட்டும் பெர்லைட்டும் சீரான சிறு திட்டுகளாகக் கலந்திருந்தன. பெருமணித் துண்டில் எல்லையோர வேலியிலிருந்து கூர்மையான வெள்ளைத் தகடுகள் மணியின் உட்புறம் நோக்கிப் பாய்ந்திருந்தன. இவையே விட்மன்ஸ்டேட்டன் ஃபெரைட் எனப்படுபவை. கூர்ந்து நோக்கியபோது, ஒரு மணிக்குள் ஒரே எல்லையிலிருந்து புறப்பட்ட தகடுகள் தங்களுக்குள் இணையாக இருந்தன. வேலியின் மறுபக்கத்து மணியிலோ தகடுகளே இல்லை, அல்லது வேறு திசையில் இருந்தன. எல்லையில் பிறக்கும் ஃபெரைட் கரு, பக்கத்து மணிகள் இரண்டில் ஒன்றோடு மட்டும் திட்டமான படிகத் திசை உறவைக் கொண்டிருக்கும் என்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1930-இல் குர்த்யூமோவும் ஸாக்ஸும் விவரித்த உறவின்படி, ஆஸ்டெனைட்டின் மிக நெருக்கமான அணுத்தளமும் ஃபெரைட்டின் மிக நெருக்கமான அணுத்தளமும் இணையாக நிற்கின்றன. அவற்றிலுள்ள நெருக்கமான அணு வரிசைகளும் இணையாகின்றன. உறவுள்ள மணியோடு பொருந்திய இடைமுகம் எளிதில் நகராது; தகடாக நீள்வதே அதற்கு வழி. உறவற்ற மணியை நோக்கிய இடைமுகம் பொருத்தமற்றதாகையால் வளைந்து மென்மையாக முன்னேறுகிறது. இத்தகடுகள் நீள்வதற்கு மணிக்குள் மாறாத இடம் வேண்டும். சிறு மணிகளில் எதிரெதிர் எல்லைகளின் ஃபெரைட் அதற்குள் சந்தித்துவிடுவதால் தகடுக்கு இடமே கிடைப்பதில்லை.

எல்லா எல்லைகளும் ஒன்றுபோல் இயங்கவில்லை என்பதையும் 15 நொடித் துண்டுகள் காட்டின. ஓர் எல்லை முழுவதும் வெண்மையாக இருக்க, அதையடுத்த எல்லையில் ஒரு கீற்றும் இல்லாமல் இருந்தது. இதை எஃகின் மார்ட்டென்சைட் பின்னணியில் ஆராய்வது கடினம். ஃபெரைட் இல்லாத எல்லை கண்ணுக்கே தெரியாது. ஆகவே 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் ஒரு துணைச் சோதனை செய்தேன். இது அறை வெப்பநிலையிலும் ஆஸ்டெனைட்டாகவே இருப்பதால் அதன் எல்லைகளையும், ஒரு மணிக்குள் படிகம் கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பும் இரட்டைப்படிக எல்லைகளையும் நேராகப் பார்க்கலாம். 1050 டிகிரியில் சூடாக்கி அதிலுள்ள கார்பைடுகளைக் கரைத்து நீரில் தோய்த்த துண்டை, 650 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, 10% ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் என்ற அளவில் 90 நொடி மின்னரிப்பு செய்தேன். குரோமியமும் நிக்கலும் கரைந்த அந்தத் திரவத்தை நச்சுக் கழிவாகவே கருதிச் சேகரிக்கவேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

சாதாரண மணி எல்லைகள் ஆழ்ந்த கரும் பள்ளங்களாக மாறியிருந்தன. அங்கே குரோமியம் கார்பைடு படிந்து, விரைந்து நகரும் கார்பன் தொலைவிலிருந்தும் வந்துசேர, மெதுவாக நகரும் குரோமியம் எல்லையின் அருகிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டதால், எல்லையோரப் பட்டையில் குரோமியம் 12 சதவீதத்துக்குக் கீழே குறைந்து, அரிப்புக்கு எதிரான பாதுகாப்பு போய்விட்டது. ஆனால் மணிகளின் குறுக்கே நேர்கோடாகச் செல்லும் இரட்டைப்படிக எல்லைகள் பள்ளமின்றி அப்படியே இருந்தன. அந்த நேர்கோடு படிபோல் உடைந்து திரும்பும் குறுகிய முனைகளில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. பொருந்திய இரட்டைப்படிக எல்லையில் இருபக்க அணுக்களும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்வதால் அதன் ஆற்றல் சாதாரண எல்லையின் ஆற்றலில் மிகச் சிறு பகுதியே. கரு அதை விழுங்கிப் பெறும் ஈடும் அதற்கேற்பச் சிறிது. உடைந்த முனைகளில் அந்தப் பொருத்தம் இல்லை. ஒரே கோட்டின் இரு பகுதிகள், ஒரே வெப்பத்தில், ஒரே நேரத்தில் இப்படி வேறாக நடந்துகொள்வதைக் கண்ட பின், மணி அளவை மட்டும் சொல்லி எல்லையின் இயல்பைச் சொல்லாத எந்த விவரிப்பும் எனக்குப் பாதியாகவே தோன்றுகிறது.

எல்லை குறைந்தால் மாற்றம் தாமதமாகும் என்பதன் நடைமுறை விளைவு, எஃகு கடினமாகும் ஆழத்தில் தெரியும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள இரு கம்பிகளை முன்சொன்ன இரு முறைகளில் சூடாக்கி, 850 டிகிரியிலிருந்து தண்ணீரில் தோய்த்து, நீளத்தின் நடுவில் வெட்டி நைட்டலில் அரித்தேன். இரண்டிலும் வெளிவளையம் மார்ட்டென்சைட். பெருமணிக் கம்பியில் அவ்வளையம் கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தடித்திருந்தது. வளையமும் உட்பகுதியும் சந்திக்கும் பட்டையில், பழைய ஆஸ்டெனைட் எல்லைகளின் மீது நுண்பெர்லைட் கரிய முடிச்சுகளாக வரிசைகட்டி நின்றன. எந்த இடத்தில் குளிரும் வேகம் எல்லைகளை முந்தத் தவறியதோ, அந்த இடத்தின் வரைபடம்தான் அந்தப் பட்டை. 0.001 முதல் 0.003% வரை போரான் சேர்த்தாலே எஃகு ஆழமாகக் கடினமாவதற்கும் அடிப்படை இதுவே: போரான் அணுக்கள் ஆஸ்டெனைட் எல்லைகளில் சென்று சேர்ந்து அவற்றின் ஆற்றலைத் தாழ்த்துவதால், எல்லை தன் கவர்ச்சியை இழந்து ஃபெரைட் தாமதமாகிறது. நைட்ரஜன் போரானைக் கட்டிப்போட்டுவிட்டால் இப்பயன் கிட்டாது. அதனால்தான் இத்தகைய எஃகுகளில் நைட்ரஜனைப் பிடித்துவைக்க டைட்டானியமும் சேர்க்கிறார்கள். ஆழமாகக் கடினமாக்குவதற்காக மணிகளை வேண்டுமென்றே பெரிதாக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பெருமணி மார்ட்டென்சைட் எளிதில் முறியும். தோய்க்கும்போது ஏற்படும் விரிசல்களும் பழைய ஆஸ்டெனைட் எல்லைகளையே பற்றிச் செல்லும்.

மார்ட்டென்சைட்டைப் பொறுத்தவரை எல்லையின் பாத்திரம் மாறிவிடுகிறது. இது அணுக்கள் பரவிச் செல்லாமல், ஒருங்கே சாய்ந்து நிகழும் மாற்றம். ஆஸ்டெனைட் எல்லையைத் தாண்டி ஒரு தகடும் அடுத்த மணிக்குள் நுழைவதில்லை. பெருமணித் துண்டில் இணைத் தகட்டுக் கட்டுகள் அகன்று நீண்டும், சிறுமணித் துண்டில் குறுகிச் சுருங்கியும் இருந்தன. மணி சிறிதாகும்போது மார்ட்டென்சைட் தொடங்கும் வெப்பநிலையும் சற்றுத் தாழ்கிறது. ஃபெரைட்டுக்குத் தொடக்க இடமாகவும் மார்ட்டென்சைட்டுக்குத் தடுப்பாகவும் ஒரே பரப்பு செயல்படுகிறது என்பதால், எல்லை மாற்றத்தை விரைவாக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த மாற்றம் என்று கேட்டபின்தான் விடை சொல்லவேண்டும்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருந்தது. 1150 டிகிரியில் மணிகள் வளர்வதோடு, நுண்துகள்கள் கரைகின்றன. கார்பனும் மாங்கனீசும் மேலும் சீராகப் பரவுகின்றன. நான் கண்ட தாமதத்துக்கு மணி அளவுதான் காரணமா, இவையா? இதைப் பிரித்தறிய, பெருமணித் தொகுதியின் சில துண்டுகளைக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி 850 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறவிட்டு, மூன்றாம் முறை 850 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். சூடாக்கும்போது ஆஸ்டெனைட் புதிதாகப் பிறக்கவேண்டும். பெர்லைட்டுக்குள் ஃபெரைட்டும் சிமென்டைட்டும் சந்திக்கும் இடைமுகங்களிலும் பெர்லைட் கூட்டங்களின் ஓரங்களிலும் ஏராளமான கருக்கள் தோன்றுவதால், பழைய பெரிய மணிகள் அழிந்து சிறிய மணிகள் அமைகின்றன. 1150 டிகிரியை ஒருமுறை பார்த்த அதே உலோகம், இப்போது சிறுமணி அளவுக்குத் திரும்பியிருக்கிறது. அதை அதே 700 டிகிரி உப்பில் 15 நொடியும் 1 நிமிடமும் நிறுத்தித் தோய்த்தேன்.

15 நொடியில் வெண்புள்ளிகள் சந்திப்புகளில் நிறைந்திருந்தன. 1 நிமிடத்தில் எல்லைகள் நிரம்பி, பெர்லைட் தலைகாட்டியது. முதல் தொகுதியின் படங்களோடு கலந்து வைத்தால் பிரித்தறிவது கடினம். ஒரே ஒரு வேறுபாடு இருந்தது: சில இடங்களில் மணிகள் முழுமையாகச் சிறிதாகாமல், சுற்றியுள்ளவற்றைவிட நான்கைந்து மடங்கு பெரிதாக எஞ்சியிருந்தன. அந்தப் பெரிய மணிகளின் நடுவில் மட்டும், 1 நிமிடத் துண்டிலும் சாம்பல் நிற மார்ட்டென்சைட் அகன்று கிடந்தது. அவற்றைத் தொட்டுக்கொண்டு நின்ற சிறு மணிகளிலோ ஃபெரைட் பெரும்பகுதியை நிரப்பி, பெர்லைட்டும் தொடங்கியிருந்தது.